மண்டபத்து மேனேஜர் இருக்க, பிளானர் எதற்கு?

சிங்கப்பூரில் இருக்கும் என் பள்ளித் தோழியின் பெண்ணுக்கு வைகாசியில் கல்யாணம். பிறந்த ஊரில்தான் நடத்துவேன் என்று பிடிவாதமாகக் காஞ்சிபுரத்தில் மண்டபம் பிடித்துவிட்டாள். பிடித்த கையோடு எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ். "ஏண்டி, மண்டபத்துலயே ஒரு கோ-ஆர்டினேட்டர் தராங்களாம். எல்லாத்தையும் அவரே பாத்துக்குவாராம். ஆனா மாப்பிள்ளை வீட்ல சென்னையில ஒரு வெட்டிங் பிளானரையும் பேசலாம்ங்கறாங்க. ரெண்டு பேரும் பண்ணப்போறது ஒரே வேலைதானே? எதுக்குடி ரெட்டைச் செலவு?"

வாய்ஸ் மெசேஜில் அடங்குகிற பதிலாக இல்லை. இதே கேள்வியை வேறு சிலரும் கேட்டிருக்கிறார்கள் என்பதால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார் என்றாளே, அந்த எல்லாவற்றில் என்னென்ன வரும்? காஞ்சிபுரத்தில் ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போய்ப் பாருங்கள். வாசலை ஒட்டி ஒரு சின்ன ஆபீஸ் அறை. முகூர்த்த நாட்களுக்கு வட்டம் போட்ட காலண்டர், மேஜையில் ரசீதுப் புத்தகம், சுவர் ஆணிகளில் வரிசையாக அறைச் சாவிகள். அங்கே உட்கார்ந்திருப்பவரை நாம் மேனேஜர் என்போம். மாமல்லபுரம் பக்கத்து ரிசார்ட்டுகளில் அவரே வென்யூ கோ-ஆர்டினேட்டர். கழுத்தில் அட்டை தொங்கும், காதில் ஒரு கருவி இருக்கும். வேலை ஒன்றுதான். மதியம் ஒரு வீட்டார் காலி செய்வார்கள், சாயங்காலத்துக்குள் அடுத்த வீட்டார் வந்து இறங்குவார்கள். நடுவில் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் கூடத்தைக் கழுவி, பந்தி மேஜைகளைத் துடைத்து, அண்டா குண்டாக்களை எண்ணி வாங்கி, கரண்ட் மீட்டர் ரீடிங்கைக் குறித்து, ஜெனரேட்டரில் டீசல் பார்த்து, மாப்பிள்ளை அறை கெய்சரைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஏ.சி. எத்தனை மணி நேரம், ஹோமம் வளர்க்கும்போது அதை நிறுத்த வேண்டுமா, மேடைச் சுவரில் ஆணி அடிக்கலாமா என்பதெல்லாம் அவர் தீர்ப்புக்கு உட்பட்டவை. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கர் அலறினால் போலீஸுக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான்; 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் பத்து மணியோடு நிறுத்தச் சொல்கின்றன. வளர்பிறை முகூர்த்தங்கள் அடுத்தடுத்து விழுகிற மாதத்தில் இந்த மனிதர்கள் எப்போது தூங்குகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை ஆச்சரியம்தான்.

ஆனால் கவனித்துப் பாருங்கள், இதில் ஒன்றுகூடக் கல்யாணத்தின் வேலை இல்லை. அத்தனையும் கட்டடத்தின் வேலை. மாலை எத்தனை மணிக்கு வந்து சேரும், நாதஸ்வரக்காரருக்கு அட்வான்ஸ் போயிற்றா, முட்டிவலிக்கார பெரியம்மாவுக்குக் கீழ்த்தளத்து அறை ஒதுக்கியாயிற்றா, ரவிக்கை தைத்து வந்துவிட்டதா என்பதெல்லாம் அவர் நோட்டில் இருக்காது. நாளன்றைக்கு அவருக்கு வேறொரு கல்யாணம் காத்திருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன்னால் எங்கள் சொந்தத்தில் ஒரு வைகாசிக் கல்யாணம். சென்னையிலிருந்து பிளானர் குழு. நல்ல பிள்ளைகள், டேப்லெட்டில் நிமிஷக் கணக்கில் அட்டவணை வைத்திருந்தார்கள். மண்டபம் பெரிய காஞ்சிபுரத்தில், முகூர்த்தம் காலை ஏழரை ஒன்பது. அன்றைக்குப் பார்த்து வரதராஜர் கோயில் பிரம்மோற்சவத்தின் மூன்றாம் நாள். ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காக: மூன்றாம் நாள் கருட சேவை. விடிவதற்கு முன்பே கூட்டம் சேர்ந்துவிடும். சின்ன காஞ்சியிலிருந்து கிளம்பும் வரதர் பெரிய காஞ்சிபுரத்துக் கங்கைகொண்டான் மண்டபம் வரை வந்து திரும்புவார். அவர் திரும்பிப் போகும்வரை ஊருக்குள் வண்டி வாகனம் நினைத்த தெருவில் போக முடியாது.

பூ வண்டியை வேறு வழியாகத் திருப்பிவிட்டார்கள். அது சுற்றிக்கொண்டே இருந்தது. நாதஸ்வரக்காரர்கள் வேனை விட்டு இறங்கி, தவிலைத் தோளில் மாட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தே வந்து சேர்ந்தார்கள். உள்ளூர்ப் பூக்கடைகளில் மாலை கேட்டால், இருந்ததெல்லாம் பெருமாளுக்குப் போய்விட்டது என்றார்கள். எப்படியோ தாலி நேரத்துக்கு ஏறிவிட்டது. பிளானர் பெண்ணின் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை, பாவம்.

சாப்பாட்டுக்குப் பிறகு மண்டபத்து மேனேஜரிடம் போய்க் கேட்டேன். "ஏங்க, உங்களுக்கு முன்னாடியே தெரியாதா?"

"தெரியாம என்னம்மா? தண்ணி கேன்காரன், கேஸ்காரன் எல்லாரையும் முந்தின ராத்திரியே வந்து இறக்கிடச் சொல்லிட்டேனே. மண்டபத்துக்குன்னு ஒரு குறை வந்துச்சா பாருங்க."

வரவில்லைதான். எனக்கு அவர்மேல் கோபமும் வரவில்லை. அவரை யாரும் கேட்கவில்லை. அந்தப் பிள்ளைகள் அவரிடம் பேசியதெல்லாம் மேடை அகலமும் பிளக் பாயிண்டும்தான். பஞ்சாங்கத்தைப் பார்த்து நாள் குறித்தவர்கள் கோயில் உற்சவப் பத்திரிகையைப் பார்க்கவில்லை. ஊரை அறிந்தவருக்குக் கல்யாணம் பொறுப்பில்லை; கல்யாணத்துக்குப் பொறுப்பானவர்களுக்கு ஊர் தெரியவில்லை. (2019-இல் அத்திவரதர் வைபவம் ஜூலை 1-ஆம் தேதி முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் நடந்ததே, அப்போது ஆனி மாதக் கடைசி முகூர்த்தங்களில் கல்யாணம் வைத்திருந்த வீட்டார் பட்ட பாட்டை எழுதினால் அது தனிப் புத்தகம்.)

சட்டமும் மண்டபத்துக்காரரையும் பிளானரையும் வேறு வேறு ஆட்களாகத்தான் பார்த்தது. 1997 ஜூலை 1-ஆம் தேதி மண்டபம் வாடகைக்கு விடுபவர்கள் சேவை வரிக்குள் வந்தார்கள். அந்தச் சட்டத்தின் கணக்கில் மண்டபம் என்பது விழா நடத்த வாடகைக்கு விடுகிற அசையாச் சொத்து. அதிலுள்ள நாற்காலி மேஜை, விளக்குகள், தரைவிரிப்பு எல்லாம் அதில் சேர்த்தி. நம் தமிழ்நாடு கல்யாண மண்டப சங்கம் வரியை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது. 2004-இல் தீர்ப்பு அரசுப் பக்கம் வந்தது. நிகழ்ச்சிகளைத் திட்டமிட்டு நடத்திக் கொடுப்பவர்களோ 2002 ஆகஸ்டில்தான், வேறொரு தலைப்பில், வரிக்குள் வந்தார்கள். முதல் தலைப்பில் ஒரு சொத்து இருக்கிறது. இரண்டாவதில் சொத்தே இல்லை, யோசனையும் ஏற்பாடும்தான். இப்போது ஜி.எஸ்.டி. வந்து பழைய தலைப்புகள் போய்விட்டன, மண்டப வாடகைக்கு 18 சதவீதம். வழிபாட்டுத் தல வளாகத்தில் அறக்கட்டளைகள் நடத்தும் மண்டபங்களுக்கு நாள் வாடகை 10,000 ரூபாய்க்குக் கீழே இருந்தால் விலக்கு உண்டு. சிக்கனக்காரர்கள் குறித்துக்கொள்ளலாம்.

சட்டமாவது பிற்பாடு வந்தது. மண்டகப்படி பார்த்து வளர்ந்த காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இந்த வித்தியாசம் அதற்கும் முன்பே தெரியும். சுவாமி புறப்பாட்டில் வழியில் ஒவ்வொரு மண்டபத்திலும் ஒரு மண்டகப்படி. அதை ஏற்றுக்கொண்ட உபயதாரர் பந்தல் போடுவார், கோலம் போடுவார், தளிகை செய்வார், வந்தவர்களுக்குப் பிரசாதம் கொடுப்பார். சுவாமி அடுத்த தெருவுக்குத் திரும்பியதும் அவர் வேலை முடிந்தது. ஆனால் கோயிலிலிருந்து புறப்பட்ட நேரம் முதல் திரும்பி வந்து சேரும்வரை கூடவே நடந்து, எங்கே எவ்வளவு நேரம், அடுத்து எந்த வீதி, குடைக்காரர் எங்கே, தீவட்டி எங்கே என்று பார்க்கிற ஆட்கள் வேறு. மண்டகப்படிக்காரரை அந்த வேலைக்கு யாரும் கூப்பிடுவதில்லை.

இந்த ஊர்க் கல்யாணத்தில் அப்படிக் கூடவே நடக்கிற ஆள் இன்னும் முக்கியம். காரணம், இங்கே கல்யாணம் ஓரிடத்தில் நடப்பதே அபூர்வம். ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்தடியில் அம்பாளே தவமிருந்து சிவனை மணந்த ஊர். பங்குனி உத்திரத் திருக்கல்யாணத்தை ஒட்டி அங்கே தாலி கட்டிக்கொள்கிற ஜோடிகளும் உண்டு. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு அந்த ஆசை இன்னும் அதிகம். ஆக, கோயிலில் தாலி, மண்டபத்தில் சாப்பாடு, சாயங்காலம் வரவேற்பு வேறொரு ஹாலில். விருந்தினர்கள் தங்குவது ஓட்டலில். நாலு இடத்துக்கும் நாலு மேனேஜர்கள். ஒவ்வொருவரும் தன் வாசற்படிக்குள் புலி. கோயிலுக்கும் மண்டபத்துக்கும் நடுவில் அறுபது எழுபது பேரைச் சுமந்துகொண்டு திணறுகிற அந்த வேன் இருக்கிறதே, அது யாருடைய பொறுப்பிலும் இல்லை.

கோயிலுக்கென்று தனிக் கணக்கு வேறு. அறநிலையத் துறைக் கோயிலில் கல்யாணம் என்றால் முன்கூட்டியே பதிய வேண்டும். வயதுச் சான்று, முகவரிச் சான்று, இரண்டு பேருக்கும் இது முதல் திருமணம் என்பதற்கான சான்று என்று கேட்பார்கள். சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு முதல் திருமணச் சான்றை எங்கே போய் வாங்குவது? மண்டபத்து மேனேஜருக்கு அதைப் பற்றி அக்கறை இருக்கப் போவதில்லை. மதியம் நடை சாத்துவதற்குள் எல்லாம் முடிய வேண்டும். போட்டோகிராபர் இன்னொரு ஷாட் என்றால் அர்ச்சகர் நிற்க மாட்டார், நிற்கவும் வேண்டியதில்லை.

இந்த வேலையையெல்லாம் முன்பு யார் செய்தார்கள்? வீட்டுக்கு ஒரு மாமா இருந்தார். சம்பளம் கிடையாது, சட்டைப்பையில் ஒரு நோட்டு, காதில் ஒரு பென்சில். ஆனந்த விகடனில் சாவி எழுதிய 'வாஷிங்டனில் திருமணம்' படித்தவர்களுக்குப் பஞ்சுவைத் தெரியும். பணம் ராக்ஃபெல்லர் மாமி கொடுக்கலாம். ஓடியாடிக் கல்யாணத்தை நடத்துவது பஞ்சு. ஒவ்வொரு குடும்பத்திலும் அப்படி ஒருவர் இருந்ததால்தான் அந்தக் கதை அப்படிச் சிரிக்க வைத்தது. பந்தக்கால் நடுவதில் தொடங்கி கட்டுச்சாதக் கூடை வரை அவருக்குத் தெரியாத வேலையில்லை. இப்போதைய பஞ்சுக்கள் டல்லாஸிலும் துபாயிலும் இருக்கிறார்கள். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் வந்து இறங்கி, ஜெட்லாக்கில் நாற்காலியில் தூங்குகிறார்கள். நடுவில் கொஞ்ச காலம் சமையல் காண்ட்ராக்டர்கள் அந்த இடத்தைப் பிடித்தார்கள். பால் காய்ச்சுவதிலிருந்து தாம்பூலப் பை வரை மொத்தமாக எடுத்துச் செய்தார்கள். பல வீட்டில் இன்றும் செய்கிறார்கள். அவர்கள் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இலைக் கணக்குப்படி பணம் வாங்குகிறவரிடமே இலையை எண்ணச் சொல்வது நியாயமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது பந்தி முடிந்ததும் எத்தனை இலை விழுந்தது என்று எண்ண, நம் பக்கத்து ஆள் ஒருவர் அங்கே நிற்க வேண்டும். மண்டபத்து மேனேஜர் நிற்க மாட்டார். பிளானர் நிற்க வேண்டும்.

நிற்கிறாரா என்பதுதான் கேள்வி. பிளானர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அவர்களுக்கு ஏஜெண்ட் வேலை பார்க்கிறேன் என்று நினைப்பீர்கள். பிளானர் நம்மிடம் கட்டணம் வாங்குகிறார், ஆகவே நம் ஆள் என்பது ஏட்டுக் கணக்கு. அலங்காரக்காரர், போட்டோகிராபர், மேக்கப், மேளம் என்று அவர் கைகாட்டுகிற ஒவ்வொருவரிடமிருந்தும் அவருக்குக் கமிஷன் போகிறது என்றால் அவர் யாருடைய ஆள்? இங்கே இது புதுசும் இல்லை. காந்தி ரோட்டில் பட்டு எடுக்க வரும் வெளியூர்க்காரரை மடக்கி, எனக்குத் தெரிந்த கடை என்று கூட்டிப் போகிறவர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் நமக்கு. பட்டுப் பட்டியலோடு பிளானர் வந்தால், முதலில் முருகன், அண்ணா, காமாட்சியம்மன் என்று கூட்டுறவுச் சங்கங்களில் போய் விலை பார்த்துவிட்டு அப்புறம் அவர் சொல்கிற கடைக்குப் போங்கள் என்பேன். கமிஷன் வாங்குவதே குற்றம் என்று சொல்லவில்லை. வாங்குகிறாரா என்று வாய்விட்டுக் கேளுங்கள். நேர்மையானவர் சொல்லிவிடுவார், கட்டணத்தில் கழித்தும் கொடுப்பார்.

மண்டபங்களும் சளைத்தவை இல்லை. எங்கள் அலங்காரக்காரர்தான், எங்கள் கேட்டரிங்தான், வெளி ஆள் வந்தால் தனித் தொகை கட்ட வேண்டும் என்கிற மண்டபங்கள் பெருகிவிட்டன. அங்கே உங்களுக்கு இலவசமாகத் தரப்படும் கோ-ஆர்டினேட்டர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், அலங்காரம் மோசமாக இருக்கிறது என்று அவரிடம் புகார் சொன்னால் அவர் யார் பக்கம் பேசுவார் என்று சொல்லத் தேவையில்லை. அவர் சம்பளம் அந்தக் கல்லாவிலிருந்துதான் வருகிறது.

சென்னைப் பிளானர்களிடம் எனக்கு இன்னொரு குறை. ஊருக்கென்று உள்ள விஷயங்களை அவர்கள் அலங்காரப் பொருளாக்கிவிடுகிறார்கள். காலை டிபனுக்குக் காஞ்சிபுரம் இட்லி என்று மெனு அட்டையில் அழகாக அச்சடித்திருப்பார்கள். வருவது மிளகு சீரகம் தூவிய தட்டு இட்லி. மூங்கில் குடலையில் மந்தாரை இலை விரித்து, சுக்கு வாசனையோடு மணிக்கணக்கில் வேக வேண்டிய பண்டம் அது. அதற்குத் தெரிந்த கை வேண்டும், முந்தின நாளே சொல்லி வைக்க வேண்டும், மண்டபத்து அடுப்பில் குடலைப் பாத்திரம் உட்காருமா என்று பார்க்க வேண்டும். கூறைப்புடவையும் அப்படியே. கடையில் தொங்குவதை எடுப்பது ஒரு மணி நேர வேலை. கோர்வை போட்டு, சொன்ன நிறத்தில், சொன்ன கரையில் தறியில் ஏற்றி நெய்து வாங்க வேண்டுமானால் வாரக்கணக்கு. அதற்குப் பின்னால் ரவிக்கை, குஞ்சம். பாவு ஓடும் தறியை மின்னஞ்சல் அனுப்பி அவசரப்படுத்த முடியாது. கல்யாண அட்டவணை போடுகிறவர் முதலில் எழுத வேண்டிய தேதி இதுதான். பல பேர் மெஹந்தி தேதியிலிருந்து தொடங்குகிறார்கள்.

தோழிக்கு நான் சொன்னது இதுதான். உன் கல்யாணம் ஒரே மண்டபத்தில், முந்தின நாள் சாயங்காலம் தொடங்கி மறுநாள் மதியம் முடிகிறது, உன் பக்கம் ஓடியாட ஒரு தம்பியோ மைத்துனரோ இருக்கிறார் என்றால் பிளானர் வேண்டாம். மண்டபத்து மேனேஜரோடு ஒரு சாயங்காலம் உட்கார்ந்து காபி குடித்துப் பேசினால் போதும். கோயிலில் தாலி, மண்டபத்தில் சாப்பாடு என்று பிரித்தால் கூடவே நடக்கிற ஆள் கட்டாயம் வேண்டும். அந்த ஆள் சென்னையில் ஆபீஸ் வைத்திருக்க வேண்டும் என்பதில்லை. காஞ்சிபுரத்தில் எந்தத் தெரு எந்த நாளில் அடைபடும் என்று தெரிந்திருந்தால் நல்லது. இரண்டு பேரிடமும் ஒரே கேள்வியைக் கேள்: முகூர்த்த நேரத்தில் நீங்கள் எங்கே நின்றுகொண்டிருப்பீர்கள்? மேனேஜர் ஆபீஸில் அல்லது ஜெனரேட்டர் பக்கத்தில் என்றால் அது சரியான பதில். பிளானரும் அதே மாதிரி பதில் சொன்னால் வேறு ஆளைப் பார். பிளானரை அமர்த்தினாலும், மேனேஜரோடு அவரை ஒருமுறை நேரில் உட்காரவைத்து, மண்டபத்து நிபந்தனைக் காகிதத்தை வரிவரியாகப் படிக்கவை. சாவி யார் வாங்குவது, பாத்திரக் கணக்கில் யார் கையெழுத்து, மீட்டர் ரீடிங்கை யார் பார்ப்பது என்று பெயர் போட்டு எழுதிக்கொள்ளட்டும்.

கடைசியில் கோயிலில்தான் தாலி என்று முடிவாக, அவள் உள்ளூரிலேயே ஒருவரைப் பிடித்திருக்கிறாள். பல வருஷம் கேட்டரிங்கில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். சென்னைக் குழுவுக்கு மேடை அலங்காரம் மட்டும். மாப்பிள்ளை வீட்டாரும் சரி என்றுவிட்டார்களாம். கருட சேவை தேதியை நான் முதலிலேயே பார்த்துச் சொல்லிவிட்டேன், மோதவில்லை.

ஒன்றுதான் பாக்கி. கல்யாணம் முடிந்து சீக்கிரமே பெண்ணும் மாப்பிள்ளையும் விமானம் ஏறுகிறார்கள், விசாவுக்குத் திருமணச் சான்றிதழ் வேண்டும். தமிழ்நாட்டின் 2009-ஆம் வருஷச் சட்டப்படி எல்லாக் கல்யாணத்தையும் பதிவு செய்தாக வேண்டும். 90 நாள் அவகாசம், கூடுதல் கட்டணத்தோடு 150 நாள் வரை போகலாம். ஆனால் இவர்களுக்கு அத்தனை நாள் ஏது? சார்பதிவாளர் அலுவலகத்தில் அழைப்பிதழோடு கோயில் ரசீதையும் கேட்பார்கள். மண்டபத்து மேனேஜர் அதற்குள் அடுத்த கல்யாணத்தில் இருப்பார், அலங்காரக் குழு சென்னை போய்ச் சேர்ந்திருக்கும். கோயில் ரசீதை யார் கையில் வாங்குவது, யார் பெட்டியில் வைப்பது என்று இன்று காலை அவளுக்குத் தனியாக மெசேஜ் போட்டேன். நீல டிக் விழுந்திருக்கிறது. பதிலுக்கு ரவிக்கை டிசைன் இரண்டு அனுப்பி, எது நல்லா இருக்கு என்று கேட்டிருக்கிறாள்.